வெயில் நிறமும் தோல் புற்றுநோயும்: சன்பெட் பற்றி ஓர் எளிய விளக்கம்

கைக்கடிகாரத்தைச் சில மாதங்கள் விடாமல் கட்டியிருந்துவிட்டு ஒருநாள் கழற்றிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் இருந்த தோல் ஒரு நிறமாகவும், அதைச் சுற்றியுள்ள தோல் வேறு நிறமாகவும் இருக்கும். அடியில் இருப்பதுதான் உங்கள் சொந்த நிறம். வெளியே இருப்பது வெயில் பட்டுக் கறுத்தது. இந்த வேறுபாட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் கறுத்த இடத்தில் தோலுக்குள் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. வெயிலில் அலைந்தால் கறுக்கத்தானே செய்யும் என்று விட்டுவிடுகிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், விளக்குகளால் தோலைக் கறுக்க வைக்கும் சன்பெட் என்ற கருவியை எதிர்த்து மருத்துவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறார்கள் என்பது தானாகவே விளங்கிவிடும். தெரியாதவரை, 'அளவோடு பயன்படுத்தினால் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்பது நியாயமாகவே தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தோல் கறுப்பது எப்படி என்று படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. அதனால் இந்தக் கட்டுரையில் சட்டத்தையும் புள்ளிவிவரத்தையும் விட, அந்தக் கறுப்பு உண்டாகும் விதத்துக்கே அதிக இடம் தருகிறேன்.

சன்பெட் எப்படி இருக்கும்?

வெளிர்நிறத் தோல் கொண்டவர்கள் மிகுதியாக வாழும் ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில், வெயிலில் காய்ந்து லேசாகப் பழுப்பேறிய உடலை அழகு என்றும் ஆரோக்கியத்தின் அடையாளம் என்றும் பலர் கருதுகிறார்கள். அந்த நிறத்தை 'டேன்' என்கிறார்கள். கடற்கரைக்குப் போக நேரமில்லாதவர்களுக்கும், குளிர்காலத்தில் சூரியனைப் பார்க்காதவர்களுக்கும் அதே நிறத்தை அறைக்குள்ளேயே தரும் கருவிதான் சன்பெட். காசு வாங்கிக்கொண்டு இதைப் பயன்படுத்தவிடும் நிலையங்கள் 1970களின் இறுதியிலிருந்து பரவத் தொடங்கின.

பார்வைக்கு அது திறந்து வைத்த சிப்பி போல இருக்கும். கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு மூடி. இரண்டிலும் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை வரிசையாகக் குழல் விளக்குகள். உடையைக் களைந்து படுத்து, கண்களின் மேல் சிறிய கறுப்புக் கண்ணாடிகளை வைத்துக்கொண்டு மூடியை இழுத்துவிட்டால், விளக்குகள் நீலமாக எரியும். சூட்டைத் தணிக்க உள்ளே மின்விசிறி இரைந்துகொண்டிருக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் விளக்கு தானே அணைந்துவிடும். எழுந்து வருபவருக்கு உடல் முழுவதும் வெதுவெதுப்பாக, சுகமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படிப் போய்வந்தால் நிறம் மாறிவிடும்.

கண்ணுக்குத் தெரியும் அந்த நீல ஒளி ஒன்றும் செய்வதில்லை. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். சூரிய ஒளியிலும் அதுதான் தோலைக் கறுக்க வைக்கிறது. புறஊதாக் கதிரை அலைநீளத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். 'சி' வகை மிகக் கொடியது. ஆனால் வளிமண்டலம் அதை முழுவதும் தடுத்துவிடுகிறது. 'பி' வகை தோலின் மேலடுக்கைச் சுட்டுப் பொசுக்கும். வெயிலில் தோல் சிவந்து எரிவது பெரும்பாலும் இதனால்தான். 'ஏ' வகை அவ்வளவாகச் சுடாது, ஆனால் இன்னும் ஆழமாக இறங்கும். தரையை எட்டும் புறஊதாக் கதிரில் ஏறத்தாழ 95 சதவீதம் 'ஏ' வகைதான்.

சன்பெட் விளக்குகளும் பெரும்பாலும் 'ஏ' வகையையே உமிழ்கின்றன. சுடாமல் கறுக்க வைக்கிறது, அதனால் பாதுகாப்பானது என்று ஒரு காலத்தில் விற்பனையாளர்கள் சொன்னதற்கு இதுவே காரணம். ஆனால் அளவைப் பாருங்கள். வெயிலின் கடுமையைச் சொல்ல உலகெங்கும் 'புறஊதாக் குறியீட்டெண்' என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். அது 3ஐத் தொட்டாலே தோலைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்; 11ஐத் தொட்டால் 'மிகத் தீவிரம்' என்கிறது. ஐரோப்பாவில் ஒரு சன்பெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு இந்தக் கணக்கில் 12 வரும். விதிப்படி நடக்கும் கருவியே உச்சிவெயிலை மிஞ்சக்கூடியது என்று பொருள். சக்தி வாய்ந்த சில கருவிகளில் 'ஏ' வகைக் கதிர் மட்டும், மத்தியதரைக் கடலோர நண்பகல் வெயிலைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கு இருக்கும். வெயிலிலாவது உடலின் ஒரு பக்கம்தான் படும். இங்கே சாதாரணமாக வெயிலே காணாத வயிறும் முதுகும் தொடையும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் வாட்டப்படுகின்றன.

தோல் ஏன் கறுக்கிறது?

நம் மேல்தோல் ஒரு செங்கல் சுவர் போல அடுக்கடுக்காக அமைந்தது. அடியில் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகி, மெல்ல மேலே தள்ளப்பட்டு, கடைசியில் செத்த செதில்களாக உதிர்கின்றன. அந்த அடி அடுக்கில், சாதாரணச் செல்களுக்கு நடுவே அங்கங்கே வேறு ஒரு வகைச் செல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மெலனோசைட் என்று பெயர். சிலந்தியின் கால்களைப் போல நீண்ட கிளைகள் உடையது. மெலனின் என்ற கரிய நிறமியைத் தயாரிப்பது இதுதான்.

இப்போது புறஊதாக் கதிர் ஒரு சாதாரணத் தோல் செல்லுக்குள் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. இருக்கிறது. முறுக்கிய ஏணி போன்ற அமைப்பு. செல் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் நான்கு எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. கதிரின் ஆற்றல், அந்த ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. புத்தகத்தில் இரண்டு எழுத்துகள் மை கசிந்து ஒட்டிக்கொண்டால் அந்தச் சொல்லைப் படிக்க முடியாமல் போகுமே, அதுபோல.

செல் இதைக் கவனித்துவிடுகிறது. பி53 என்ற ஒரு புரதம் நம் செல்களில் காவல்காரன் வேலை பார்க்கிறது. டி.என்.ஏ. சேதமானதும் அது விழித்துக்கொண்டு, ஒரு நீளமான புரதத்தைத் தயாரிக்க உத்தரவிடுகிறது. அந்த நீளப் புரதம் துண்டுகளாக வெட்டப்படும். அவற்றில் ஒரு துண்டு, அருகிலிருக்கும் மெலனோசைட்டுக்குப் போய்ச் சேரும் ஹார்மோன். 'இங்கே அடிபட்டுவிட்டது, நிறமியை அனுப்பு' என்பதுதான் அது கொண்டுபோகும் செய்தி. செய்தி கிடைத்ததும் மெலனோசைட் மெலனினைத் தயாரித்து, சிறு சிறு பொட்டலங்களாக்கி, தன் கிளைகள் வழியாகச் சுற்றியுள்ள செல்களுக்குக் கொடுக்கிறது. அவற்றை வாங்கிக்கொண்ட செல், தன் உட்கருவின் மேல்பக்கத்தில், வெயில் வரும் திசை பார்த்து, குடை பிடித்ததுபோல அடுக்கிவைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு உட்கருவுக்கும் தலைக்கு மேல் ஒரு கரிய தொப்பி தெரியும். உடலில் நடக்கும் காரியங்களில் இவ்வளவு அழகானதை நான் அதிகம் படித்ததில்லை.

இந்த வேலை முடிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் வெயிலில் அலைந்த அன்றே இல்லாமல் சில நாள் கழித்து நிறம் தெரிகிறது.

இதில் எது முதலில் நடந்தது என்பதைக் கவனியுங்கள். முதலில் டி.என்.ஏ. சேதம், அதற்குப் பிறகே நிறம். நிறத்தை வரவழைக்கும் செய்தியே சேதத்திலிருந்துதான் புறப்படுகிறது. தோல் சிவந்து எரிந்தால்தான் கெடுதல், கறுத்தால் நல்லது என்று பலர் பிரித்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பிரிக்க வழியே இல்லை. சிவப்பது பெரிய அடி. கறுப்பது அதைவிடச் சிறிய அடிக்கும் வரும் வடு. அடியே படாமல் புறஊதாக் கதிரால் கறுப்பது என்று ஒன்று கிடையாது.

'ஏ' வகைக் கதிர் இன்னொரு வேலையும் செய்கிறது. தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனினை ஆக்சிஜனேற்றம் செய்து, அதன் நிறத்தை உடனே அடர்த்தியாக்கிவிடுகிறது. புதிதாக நிறமி எதுவும் வருவதில்லை. சன்பெட்டிலிருந்து எழுந்த சற்று நேரத்திலேயே சிலருக்கு நிறம் ஏறித் தெரிவது இதனால்தான். இது பார்வைக்கு மட்டும் கறுப்பு. குடையாக அதற்கு ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. சுற்றுலா போவதற்கு முன் சன்பெட்டில் கொஞ்சம் கறுத்துக்கொண்டால் கடற்கரை வெயில் சுடாது என்று ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவுகிறது. நிஜ வெயிலில் வந்த டேன்கூட, சன்ஸ்கிரீன் கணக்கில் சொன்னால் இரண்டு முதல் நான்கு வரையிலான பாதுகாப்பையே தருகிறது. கடையில் வாங்கும் சாதாரண சன்ஸ்கிரீன் 30 என்று அச்சிட்டு வருகிறது. சன்பெட் டேன் அந்த இரண்டையும் நான்கையும்கூட எட்டுவது அரிது.

சேதம் எப்படிப் புற்றுநோயாகிறது?

டி.என்.ஏ.வில் ஏற்பட்ட ஒட்டல்களைச் செல் பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறது. பழுதான துண்டை இரு பக்கமும் வெட்டி எடுத்து, ஏணியின் எதிர்ப்பக்கத்து இழையைப் பார்த்துச் சரியான எழுத்துகளை நிரப்பி, மறுபடியும் ஒட்டிவிடும். இந்த வேலையைப் படிப்படியாக விளக்கிக் காட்டிய அசீஸ் சன்ஜாருக்கு, டி.என்.ஏ. பழுதுநீக்கத்தை ஆராய்ந்த மற்ற இருவருடன் சேர்த்து 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதம் என்றால், அந்தச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கடும் வெயிலில் அலைந்த சில நாள் கழித்துத் தோல் உரிகிறதே, அப்படிச் செத்த செல்கள் கூட்டமாக வெளியேறுவதுதான் அது.

பழுதுநீக்கும் இந்த ஏற்பாடு இல்லாமலிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேதனையான சான்று இருக்கிறது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பிறவி நோய் உள்ள குழந்தைகளுக்கு இந்த வெட்டி ஒட்டும் வேலை சரியாக நடப்பதில்லை. மற்றவர்கள் பொருட்படுத்தாத வெயிலே அவர்களுக்குப் பகை. பலருக்குப் பத்து வயதைத் தாண்டுவதற்குள் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெயில் தினமும் நமக்குச் செய்யும் சேதம் எவ்வளவு, நம் செல்கள் சத்தமில்லாமல் சரிசெய்வது எவ்வளவு என்பதை அந்தக் குழந்தைகளின் தோல்தான் உலகுக்குக் காட்டியது.

ஆனால் நன்றாக வேலை செய்யும் ஏற்பாட்டிலும் சில பழுதுகள் தப்பிவிடும். செல் பிரியும்போது தவறான எழுத்து அப்படியே நகலெடுக்கப்பட்டு நிலைத்துவிடும். பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இடத்திலோ, காவல்காரனான பி53ஐ எழுதிவைத்திருக்கும் இடத்திலோ அந்தப் பிழை விழுந்தால்தான் சிக்கல். இப்படிச் சில பிழைகள் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டால் அது கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்கும். இது ஒரு நாளில் நடப்பதில்லை. பல ஆண்டுகள் பிடிக்கும். பதினெட்டு வயதில் சன்பெட்டில் படுத்தவருக்கு முப்பதிலோ நாற்பதிலோ நோய் வரும்போது, காரணம் எது என்று அவருக்கே தோன்றாமல் போவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். இடையில் அவர் கண்ணாடியில் பார்த்ததெல்லாம் அழகான நிறம் மட்டுமே.

தோல் புற்றுநோயில் முக்கியமானவை மூன்று. அடித்தளச் செல்லில் வருவதும் செதிள் செல்லில் வருவதும் அதிகம் காணப்படுபவை; நேரத்தோடு கவனித்தால் வெட்டி எடுத்துக் குணப்படுத்திவிடலாம். மூன்றாவது, மெலனோசைட்டிலேயே தோன்றும் மெலனோமா. எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவும் குணம் உடையது. 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 3,25,000 பேருக்கு மெலனோமா கண்டறியப்பட்டது. சுமார் 57,000 பேர் அதனால் இறந்தார்கள்.

சான்று எவ்வளவு உறுதியானது?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 1992இல் சன்பெட்டைப் 'புற்றுநோயை உண்டாக்கக் கூடும்' என்ற பிரிவில் வைத்திருந்தது. 2009இல் அதை முதல் பிரிவுக்கு, அதாவது 'மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது உறுதி' என்ற பிரிவுக்கு மாற்றியது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது. இதை வைத்து 'சன்பெட்டும் சிகரெட்டும் ஒரே அளவு ஆபத்து' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. ஒரு நல்ல விஷயத்துக்காகப் பேசும்போதும் கூட்டிச் சொல்லக்கூடாது. கூட்டாமல் சொன்னாலே போதுமான அளவுக்கு இது கனமான செய்தி.

அளவைத் தெரிந்துகொள்ள, 27 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வைப் பார்க்கலாம். ஒருமுறையாவது சன்பெட் பயன்படுத்தியவர்களுக்கு மெலனோமா வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட 20 சதவீதம் அதிகம் என்று அது காட்டியது. 35 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களுக்கு 59 சதவீதம் அதிகம். இந்த எண்ணைப் படிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். நூறு பேரில் 59 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருளில்லை. சன்பெட்டைத் தொடாத ஒரு பெருங்கூட்டத்தில் 100 பேருக்கு மெலனோமா வருமென்றால், அதே அளவுள்ள, இளவயதில் சன்பெட் பயன்படுத்திய கூட்டத்தில் 159 பேருக்கு வரும் என்று பொருள். அந்தக் கூடுதல் 59 பேரும் ஓர் அழகுச் சேவைக்குக் காசு கொடுத்து இந்த நோயை வாங்கிக்கொண்டவர்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

வெயிலில் திரிகிறவர்கள்தானே சன்பெட்டுக்கும் போகிறார்கள், அப்படியானால் நோய்க்குக் காரணம் வெயிலா விளக்கா என்று எப்படித் தெரியும்? நல்ல கேள்வி. இதற்கு ஐஸ்லாந்து ஒரு விடை தருகிறது. ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டியிருக்கும் அந்தத் தீவில் வெயிலே குறைவு. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு அங்கே சன்பெட் நிலையங்கள் வேகமாகப் பெருகின. சில ஆண்டுகளில் இளம்பெண்களிடையே மெலனோமா செங்குத்தாக ஏறியது. அதுவும் எங்கே? வழக்கமாகப் பெண்களுக்கு அதிகம் வரும் காலில் இல்லை. உடையால் மூடியிருக்கும் முதுகிலும் மார்பிலும். அரசு சுகாதாரத் துறையினர் சன்பெட்டுக்கு எதிராகப் பிரசாரம் செய்து பயன்பாடு குறைந்தபோது, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு நோயும் இறங்கத் தொடங்கியது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் கைகோத்துப் போயிருக்கின்றன.

மக்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?

சன்பெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதை, சன்பெட் பரவியுள்ள நாடுகளில் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கேள்விப்படாததல்ல பிரச்சினை. 'அதிகமானால்தான் ஆபத்து', 'நான் சிவந்துபோவதில்லையே', 'எப்போதாவதுதானே' என்று ஒவ்வொருவரும் தனக்கு ஒரு விலக்கு வைத்துக்கொள்கிறார்கள். நிறம்தான் சேதத்தின் அறிகுறி என்பது தெரியாததால் வரும் விலக்கு இது. அளவு மீறினால் கெடுதல் என்று மட்டும் சொல்லும் விழிப்புணர்வு வாசகங்கள் இந்த விலக்கைத் தகர்ப்பதில்லை; சொல்லப்போனால் வளர்க்கின்றன.

வியாபாரமும் அதை வளர்த்தது. 2012இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் புலனாய்வாளர்கள், வெளிர்நிறத் தோல் கொண்ட பதின்வயதுப் பெண்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டு 300 நிலையங்களுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். டேன் செய்துகொள்வதில் உடல்நலத்துக்கு ஆபத்து இல்லை என்று பத்தில் ஒன்பது நிலையங்கள் சொல்லின. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, சன்பெட் பாதுகாப்பானது என்றும் உடலுக்கு நல்லது என்றும் விளம்பரம் செய்ததற்காக, அந்தத் தொழிலின் சங்கத்தின் மீதே அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் குற்றம் சாட்டி, அப்படிச் சொல்வதை நிறுத்தவைத்திருந்தது.

'உடலுக்கு நல்லது' என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது வைட்டமின் டி. தோலில் வைட்டமின் டி உருவாகப் புறஊதாக் கதிர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தேவை 'பி' வகை. சன்பெட் பெரும்பாலும் கொடுப்பது 'ஏ' வகை. தவிர, வைட்டமின் குறைபாட்டுக்கு மாத்திரை இருக்கிறது. சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு மருத்துவமனையில் புறஊதாக் கதிர் சிகிச்சை தருகிறார்களே என்றும் கேட்பார்கள். அங்கே கதிரின் அலைநீளம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அளந்து, எழுதிவைத்துத் தருகிறார்கள். நோயின் துன்பத்தையும் சிகிச்சையின் ஆபத்தையும் எடைபோட்டு ஒரு மருத்துவர் முடிவெடுக்கிறார். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது சரியில்லை.

ஆபத்து என்று முழுவதும் தெரிந்த பிறகும் சிலரால் விட முடிவதில்லை. அவர்களை அழகு மோகம் பிடித்தவர்கள் என்று ஒதுக்குவதற்கு முன், மேலே சொன்ன அந்த நீளப் புரதத்தை நினைத்துப் பாருங்கள். அதை வெட்டும்போது கிடைக்கும் துண்டுகளில் ஒன்று நிறமியைக் கேட்கும் ஹார்மோன். மற்றொன்று பீட்டா எண்டார்பின். அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் அதே இடங்களில் ஒட்டி, வலியைக் குறைத்து சுகத்தைத் தரும் பொருள் அது. தொடர்ந்து புறஊதாக் கதிர் காட்டப்பட்ட எலிகளின் இரத்தத்தில் அது கூடியதையும், அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அவை போதையை இழந்தவை போல நடுங்கியதையும் 2014இல் ஒரு ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும் இதே திசையில் சான்று உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு சன்பெட்களை வைத்து, ஒன்றில் மட்டும் புறஊதாக் கதிர் வரும்படி செய்தபோது, எது எது என்று சொல்லாமலேயே அடிக்கடி டேன் செய்பவர்கள் கதிர் உள்ளதையே தேடிப் போனார்கள். ஆகவே விட முடியாமல் தவிப்பவரிடம் கோபப்படாமல், சிகரெட்டை விடப் போராடுபவரிடம் பேசுவதுபோலப் பேச வேண்டியிருக்கிறது.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரேசில் 2009இல் அழகுக்காக சன்பெட் பயன்படுத்துவதை அடியோடு தடை செய்தது. பல நாடுகள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் தடுக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. மெல்பர்ன் நகரைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் என்ற இளம்பெண், தனக்கு வந்த மெலனோமாவுக்கு சன்பெட்டும் காரணம் என்று நம்பி, தன் கடைசி வாரங்களைத் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் மற்றவர்களை எச்சரிப்பதில் செலவிட்டார். 2007 செப்டம்பரில் இறந்தபோது அவருக்கு 26 வயது. அதற்குப் பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டத்தை இறுக்கி, 2015இன் தொடக்கத்தில் பெரும்பாலான மாநிலங்களில் வணிக சன்பெட்கள் முற்றாகத் தடை செய்யப்பட்டன. அமெரிக்காவில் முழுத் தடை இல்லாவிட்டாலும் எச்சரிக்கைகளும் வயது வரம்புகளும் வேலை செய்திருக்கின்றன. 2009இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 15.6 சதவீதம் பேர் சன்பெட் பயன்படுத்தியிருந்தார்கள். 2015இல் அது 7.3 சதவீதமாகக் குறைந்தது.

நிறம்தான் வேண்டும் என்பவர்களுக்குப் பூசிக்கொள்ளும் கிரீம்கள் இருக்கின்றன. அவற்றில் உள்ள டைஹைட்ராக்சி அசிடோன் என்ற சர்க்கரை, தோலின் செத்த மேலடுக்கில் உள்ள அமினோ அமிலங்களோடு வினைபுரிந்து பழுப்பு நிறம் தருகிறது. ரொட்டி வறுபடும்போது சிவப்பதும் இதே வகை வினைதான். ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. ஆனால் வெயிலிலிருந்து காப்பதும் இல்லை. இணையத்தில் விற்கும் டேன் ஊசிகளும் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்களும் வேறு விஷயம். அனுமதி பெறாத அவற்றைத் தொடவே வேண்டாம்.

கருமையான தோல் உடையவர்கள், இது நமக்குச் சம்பந்தமில்லாத கதை என்று நினைக்கலாம். மெலனின் இயற்கையாகவே மிகுந்திருப்பது பெரிய காப்புதான். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அவர்களுக்குக் குறைவு. ஆனால் மெலனோமாவில் வெயிலோடு தொடர்பில்லாத ஒரு வகை உண்டு. அது உள்ளங்கை, உள்ளங்கால், நகக்கண் என்று நிறம் குறைந்த இடங்களில் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது இதுதான்; 1981இல் 36 வயதில் இறந்தார். 'நமக்கு வராது' என்ற நம்பிக்கையாலேயே கருமைத் தோல் உடையவர்களுக்கு இது காலம் கடந்து கண்டுபிடிக்கப்படுகிறது.

காலம் ஏன் முக்கியம் என்றால், மெலனோமாவின் ஆபத்து அது தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவர்கள் அதை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். மச்சம் ஒன்றின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லாவிட்டால், ஓரம் பிசிறடித்திருந்தால், ஒரே மச்சத்தில் பல நிறங்கள் தெரிந்தால், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்திருந்தால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட, சில மாதங்களில் மாறிக்கொண்டே இருக்கும் மச்சத்தைக் காட்டாமல் இருக்கக்கூடாது. உடலிலுள்ள மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தாலும் அப்படியே. நகத்தில் புதிதாக ஒரு கரிய கோடு நீளவாக்கில் தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலும் காட்ட வேண்டும்.

முன்பு சன்பெட் பயன்படுத்தியவர் என்றால் எந்த வயதில், எத்தனை காலம் என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். சந்தேகப்படும் மச்சத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டால், இரண்டு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதுகைப் பார்க்க இரண்டு கண்ணாடியோ வீட்டில் இருப்பவர் ஒருவரோ வேண்டும். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடுவோம். கால்விரல் இடுக்குகளையும் விரித்துப் பாருங்கள்.